காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் வைத்தால் மின்சாரம் வரவேண்டாமா? என் மீட்டர் ஏன் பூஜ்யமே காட்டுகிறது?

பூஜ்யம்தான் காட்டும், உங்கள் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. காந்தம் உள்ளே சும்மா கிடந்தால் சுருளில் எதுவும் நடக்காது. சுருள் வழியாகப் போகும் காந்தப்பாயம், அதாவது அதன் ஊடே பாயும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, கூடவோ குறையவோ வேண்டும், அந்த மாற்றம் நடக்கிற நேரம் மட்டும்தான் மின்னழுத்தம் உண்டாகும். உள்ளே தள்ளும்போது ஒரு திசை, வெளியே இழுக்கும்போது எதிர்த்திசை. காந்தத்தை அசைக்காமல் சுருளை நகர்த்தினாலும் அதேதான்.

நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் பெரிய ஆளே மாட்டியிருக்கிறார். ஜெனீவாவில் கொலாடோன் என்பவர் 1825-இல் இதே சோதனையைச் செய்தார். பக்கத்தில் இருந்தால் கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்தை முள் அசைவில் காட்டும் மீட்டர்) முள்ளைக் காந்தமே நேரடியாக ஆட்டிவிடும் என்று நீளமாகக் கம்பி இழுத்து மீட்டரை வேறு அறையில் வைத்தார், காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் ஆடி முடித்துப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு கவனமாகச் செய்த மனிதருக்கு இப்படி ஆனதே என்று எனக்கு இன்றும் மனசு கேட்காது. அப்புறம் 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் ஃபாரடே, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி ஒன்றில் பேட்டரியை இணைத்தபோது மற்றதில் முள் துள்ளி அடங்கியதைக் கண்டார், பேட்டரியைக் கழற்றியதும் மறுபடி துள்ளியது. நம் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் மூலம்.

கணக்கும் எளிதுதான். 100 சுற்றுள்ள சுருளில் காந்தப்பாயம் 0.002 வெபர் (அதை அளக்கும் அலகு) மாற்றம் 0.1 நொடியில் நடந்தால் 2 வோல்ட், அதையே 0.01 நொடியில் செய்தால் 20 வோல்ட். வேகம்தான் விஷயம்.

எனக்கு இது புரிந்தது அப்பாவின் சைக்கிளில். டைனமோவின் தலையை டயரில் சாய்த்துவிட்டு மிதித்தால், மெதுவாகப் போகும்போது பல்பு சிவப்பாக மினுங்கும், இறக்கத்தில் பளிச்சென்று எரியும், நின்றால் அணைந்துவிடும். உள்ளே சுற்றுவது காந்தம், சுருள் அசையாது. டைனமோ போட்டதும் மிதி கனக்கும், அதில் ஒரு பங்கு உராய்வு, இன்னொரு பங்கு லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன விதி: உண்டாகும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்த்து நிற்கும். பல்பில் எரிவது நம் கால் கொடுத்த ஆற்றல்தான், ஓசியில் எதுவும் வரவில்லை.

சரி, உங்கள் சோதனைக்கு வருவோம். கையில் இருப்பது டிஜிட்டல் மீட்டர் என்றால் அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், ஒரு தள்ளு தள்ளினால் பிடிபடாமல் போகலாம். டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, காந்தத்தை விடாமல் உள்ளே வெளியே ஆட்டிக்கொண்டே திரையைப் பாருங்கள், மைனஸ் குறி வந்து வந்து போகும்.