மரீனாவில் கட்டி வைத்த படகு: புதிதாக வாங்கிய தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். கனடா வந்து மூன்று வருஷம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 22 அடியில் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கி, ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங் பக்கத்தில் ஒரு மரீனாவில், அதாவது படகுத்துறையில், படகு கட்டி நிறுத்த ஒரு ஸ்லிப்பும் எடுத்துவிட்டீர்கள். "ஊரில் வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே தண்ணீரிலேயே நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்னால் போக முடியும். பழுதாகாமல் எப்படி வைத்திருப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாதம் இரண்டு நாள் காணாது. ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வாரத்துக்கு ஒருக்கால் போய் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வாருங்கள். நான் ஒன்ராறியோ ஏரியில் படகு வைத்திருப்பது இது பதினேழாவது வருஷம். ஓடும்போது வந்த பழுதுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் படகு கட்டி நின்றபோது, நான் வீட்டில் சோஃபாவில் இருந்தபோது வந்தவை. ஊரில் வள்ளம் நாளாந்தம் கடலுக்குப் போகும், வரும், நாலு பேர் சேர்ந்து கரைக்கு இழுப்பார்கள். அடிப்பக்கம் ஒரு வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே யாராவது கண்டு சொல்லுவார்கள். இங்கே மே தொடங்கி ஒக்டோபர் வரை படகின் வயிற்றை யாரும் காண்பதில்லை.

முதலில் கயிறு. நான் வல்வெட்டித்துறைக்காரன். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஆள். அந்தப் பெருமையோடு முதல் வருஷம் நான் கட்டிய கட்டைப் பக்கத்து ஸ்லிப்பில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அவிழ்த்தார், திரும்பக் கட்டிக் காட்டினார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று இறுக்கிக் கட்டியிருந்தேன். அவர் இறுக்கத்தைத் தளர்த்தி, மேலும் இரண்டு கயிறு போட்டார்: முன்பக்கம் கயிறு கட்டும் கிளீற்றிலிருந்து பின்நோக்கி டொக்குக்கு ஒன்று, பின்பக்கத்திலிருந்து முன்நோக்கி ஒன்று. ஸ்பிரிங் லைன் என்பார்கள். படகு முன்னும் பின்னும் ஓடி டொக்கின் தலையில் போய் முட்டாமல் பிடிப்பவை இவை இரண்டும்தான்.

நைலோன் கயிறே வாங்குங்கள், அது இழுபட்டுக் கொடுக்கும். கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை. படகின் விளிம்பில் உரசிக்கொண்டு வெளியே போகிற அந்த நாலு அங்குலத்தில்தான். போகிற நேரமெல்லாம் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பூனை மயிர்போல எழும்பி நின்றால் தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் செருகி விட்டால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். ரொறன்ரோப் பக்கம் கிழக்குக் காற்றுத்தான் சனியன். கிழக்கே 200 கிலோமீற்றருக்கு மேல் திறந்த தண்ணீர் கிடக்கிறது. அவ்வளவு தூரமும் அலை வளர்ந்துகொண்டு வரும். வானிலையில் கிழக்குக் காற்று என்று கண்டால் அன்று வேலை முடிந்ததும் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

உங்கள் டொக் மிதப்பதா, நிலத்தில் நட்டதா என்றும் பாருங்கள். மிதப்பது என்றால் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். நட்டது என்றால் கயிற்றின் நீளம் உங்கள் பொறுப்பு. 2017 இலும் 2019 இலும் ஏரி ஏறி ரொறன்ரோத் தீவுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த வருஷங்களில் நட்ட டொக்குகளில் கட்டியவர்கள் நாளுக்கு நாள் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டி வந்தது.

அடுத்தது படகின் அடிவயிற்றில் சேரும் தண்ணீர். மழைத்தண்ணீர், குழாய்ப் பொருத்துகளில் கசிவு, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதை வெளியே தள்ளப் பில்ஜ் பம்ப் இருக்கிறது, தண்ணீர் ஏறினால் பம்பைப் போட ஒரு மிதவைச் சுவிட்ச் இருக்கிறது. இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். என்னுடையது ஒருநாள் ஓடவில்லை. குனிந்து பார்த்தால், மிதவையின் கீழே ஒரு சூயிங்கம் கடதாசி மடிந்து ஒட்டிக்கிடந்தது. பிள்ளைகள் போட்டது. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் படகு பின்பக்கமாகத் தாண்டுபோயிருக்கும். பம்புக்குப் போகும் வயர் பற்றரியிலிருந்து நேரே ஃபியூஸ் வழியாக வர வேண்டும். நீங்கள் வீட்டுக்குப் போகும்போது நிறுத்துகிற பெரிய சுவிட்சுக்குப் பின்னால் அதைக் கொடுத்திருந்தால், நீங்கள் போனதும் பம்பும் நித்திரை. பழைய படகு வாங்கினவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது இது. அங்கே எண்ணெய் மிதந்தால் உறிஞ்சும் பஞ்சுத் துண்டால் எடுத்துவிடுங்கள். எண்ணெயை ஏரிக்குள் பம்ப் பண்ணுவது இங்கே குற்றம்.

உங்களுடையது ஸ்டேர்ன் டிரைவ் என்று எழுதியிருந்தீர்கள். இயந்திரம் உள்ளே, காற்றாடி வெளியே. இரண்டுக்கும் நடுவில், படகின் பின்சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அதை அடைத்து நிற்பது அக்கோடியன்போல மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய். பெலோஸ் என்பார்கள். ரப்பர் வெடித்தால் ஏரி உள்ளே வரும். எத்தனை வருஷம் பழையது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், படகைத் தூக்கும் முதல் சந்தர்ப்பத்தில் மாற்றிவிடுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். டொக்கில் இருக்கும் 30 அம்பியர் பிளக்கில் வயரைக் கொழுவி பற்றரி சார்ஜரை ஓட விடுவீர்கள். பிளக்கைக் கழற்றும்போது பித்தளைக் காலைப் பாருங்கள். ஒரு காலில் மண்ணிறக் கருகல் தெரிந்தால் பொருத்து தளர்ந்து சூடேறியிருக்கிறது, அதுதான் படகில் தீ தொடங்கும் இடம். அதைவிடப் பெரிய விஷயம், ஏதாவது ஒரு படகில் வயர் பழுதாகி மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்தால், அது கண்ணுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கசிவு பெரும்பாலும் மனித உடம்பைச் சுற்றிப் போய்விடும். நல்ல தண்ணீரில் மனித உடம்புதான் சுகமான வழி. நீந்துகிறவரின் தசை இறுகி, கத்தவும் முடியாமல் தாண்டுபோவார். ஆகவே எந்த வெயிலிலும் மரீனாவுக்குள் பிள்ளைகளை நீந்த விடாதீர்கள். யாராவது தண்ணீரில் விறைத்து நின்றால் பின்னாலே குதிக்காமல், முதலில் டொக்கின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மிதவையை எறியுங்கள். நாங்கள் கடல்கரைப் பிள்ளைகள், யாரும் விழுந்தால் கால் தானாகவே பாயும். இங்கே பாயக் கூடாது.

தண்ணீருக்குக் கீழே, காற்றாடி பூட்டிய வெளிப்பகுதியான டிரைவில், சின்ன உலோகக் கட்டிகள் பூட்டியிருக்கும். அனோட் என்பார்கள். டிரைவின் அலுமினியம் அரிக்கப்படாமல், அதற்குப் பதில் இவை அரிபட்டுப் போகும். கடலில் துத்தநாகம் போடுவார்கள். நல்ல தண்ணீரில் அதன்மேல் ஒரு தோல் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும், எங்கள் ஏரிக்கு மக்னீசியம்தான் வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். வருஷம் முழுக்கப் புதிதுபோலவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது வேலை செய்யவில்லை. அடியில் பாசியும் ஸீப்ரா மட்டியும் பிடிக்கும். இந்த மட்டி 1980களின் கடைசியில் கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பும் தண்ணீரோடு பெரிய ஏரிகளுக்குள் வந்தது. இயந்திரம் தண்ணீர் உறிஞ்சும் துளைக்குள் போய் இருந்துகொண்டால் இயந்திரம் சூடேறிவிடும். அடிக்குச் செம்பு கலந்த பெயின்ற் பூசுவார்கள், ஆனால் அதை அலுமினிய டிரைவில் பூசினால் டிரைவை அரித்துவிடும். அதற்கு வேறு பெயின்ற் இருக்கிறது, கடையில் அலுமினியத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

பறவைகள் தனிக் கதை. ரொறன்ரோக் கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டு கிடக்கும் லெஸ்லி ஸ்பிற்றில் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன, கடற்புறாக்கள் வேறு. எச்சத்தைக் காய விட்டால் ஃபைபரின் மினுக்கம் போய்விடும், ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். வருஷம் ஒருமுறை மெழுகு பூசினால் கழுவுவதும் சுகம். ஊரில் மரவள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசின நாற்றம் நினைவிருந்தால், மெழுகு பூசுவது ஒரு வேலையாகவே தெரியாது. போகும்போது மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, கபின் கதவில் காற்று வர வழி விட்டுவிட்டுப் போங்கள். பூஞ்சணம் பிடித்த மெத்தை மணம் என்ன செய்தாலும் போகாது.

வாராவாரம் போகும்போது டொக்கிலேயே இயந்திரத்தைப் போட்டு பத்து நிமிஷம் உறும விட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்லதல்ல. எண்ணெய் சரியாகச் சூடாகாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். போடுவதென்றால் வெளியே கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஓடுங்கள். உள்ளே பெற்றோல் இயந்திரம் என்றால் போட முன்னர், பெற்றோல் ஆவியை வெளியே தள்ளும் காற்றூதியை நாலு நிமிஷம் ஓட விட வேண்டும், இங்கே அது சட்டம். ஒருக்கால் நாலு நிமிஷம் பொறுக்காததால் வெடித்த படகுகள் உண்டு. கடதாசி வேலைகளும் சொல்லிவிடுகிறேன்: படகு ஓட்டுநர் அட்டை இல்லாமல் ஓட வேண்டாம். படகின் பதிவு எண் முன்பக்கம் இரண்டு பக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். மரீனாக்காரர்கள் காப்புறுதிப் பத்திரம் கேட்பார்கள்.

சரி, இனி விண்டர். உங்கள் நண்பர் "மூடிக் கட்டிவிட்டால் போதும்" என்றாராம். போதாது. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வருஷம், காசு மிச்சம் என்று நானே விண்டருக்கு ஆயத்தம் செய்தேன். என்னுடையது 4.3 லீற்றர் வி6. குளிர்விக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்சி ஓடும். இயந்திரத்தின் இரண்டு பக்கமும் வடிகால் முளை இருக்கும், கழற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஓடிவிடும். இடப்பக்கம் கழற்றினேன், ஒரு வாளி வந்தது. வலப்பக்கம் கழற்றினேன், ஒரு கோப்பை அளவு வந்து நின்றது. முடிந்தது என்று முளையைப் பூட்டிவிட்டேன். முடியவில்லை. உள்ளே துருச் செதில் ஒன்று துளையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. உடுப்புக் கொழுவும் கம்பியை நிமிர்த்தி ஒரு குத்துக் குத்தியிருந்தால் மிச்சத் தண்ணீரும் கொட்டியிருக்கும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், வார்ப்பிரும்புக்கு இழுபட்டுக் கொடுக்கத் தெரியாது. மே மாதம் எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினேன். நுனியில் பால்தேத்தண்ணி நிறம். எண்ணெய்க்குள் தண்ணீர். அந்த இயந்திரத்தை மாற்றிய செலவில் பத்து வருஷம் ஆள் வைத்து வேலை செய்திருக்கலாம்.

ஆகவே முதல் வருஷம் கூலி கொடுத்துச் செய்வித்து, பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டாவது வருஷம் வேண்டுமானால் நீங்களே செய்யலாம். ஒக்டோபரில் படகைத் தூக்க முன்னர் பெற்றோலில் நிலைப்படுத்தும் திரவம் ஊற்றி, அது கார்புரேற்றர் வரை போகும்படி ஓடிவிட்டு வாருங்கள். எஞ்சின் எண்ணெயை வசந்தத்தில் அல்ல, அப்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் இருக்கும் அமிலம் ஆறு மாதம் உள்ளே கிடக்கக் கூடாது. டிரைவின் கியர் எண்ணெயையும் வடியுங்கள். அது பால் நிறமாக வந்தால் எங்கோ சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது, அந்தத் தண்ணீரும் உறைந்து டிரைவை உடைக்கும். இயந்திரத்தின் தண்ணீரை வடித்த பிறகு அதற்குள், உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸை ஊற்றுங்கள். காருக்குப் போடும் பச்சை வேண்டாம், அது நஞ்சு, வசந்தத்தில் போய்ச் சேருவது நாங்கள் தண்ணீர் குடிக்கிற ஏரிக்குத்தான். தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறக்கைச் சில்லை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள். பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மூடும் சீலையை நடுவில் முதுகெலும்புபோல உயர்த்திக் கட்டுங்கள், தட்டையாகக் கட்டினால் பனி குளம்போலத் தேங்கி, பாரத்தில் கிழியும்.

கரையில் வைத்ததும் படகின் மூக்குச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பின்சுவரின் அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றிவிட்டால் உள்ளே ஒழுகுவது எல்லாம் தானாக வெளியேறும். கழற்றிய அடைப்பானை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் சாவி வளையத்தில் கொழுவிவிடுங்கள். மே மாதம் படகை இறக்கும் அவசரத்தில் அதை மறந்து, பட்டியில் தொங்கும்போதே உள்ளே தண்ணீர் ஏறி, கிரேன்காரன் திட்டத் திட்டத் திரும்பத் தூக்குவித்தவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சாவியை எடுக்காமல் இயந்திரம் போட முடியாது, சாவியை எடுத்தால் அடைப்பானும் கூடவே கையில் வரும்.