மாத்திரை போட்டும் எட்டு தடவை வந்துவிட்டது

அன்புள்ள ஆலோசகருக்கு,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். வயது 32. கல்யாணமாகி ஏழு வருஷம், நாலு வயதில் ஒரு மகள். தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

போன வருஷம் பிறப்புறுப்பில் கொப்புளமும் காய்ச்சலும் வந்தது. அரசு மருத்துவமனையில் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று என்று சொல்லி, அசைக்ளோவிர் 400 மி.கி. 21 மாத்திரை உள்ள சிவப்புப் பாக்கெட் தந்தார்கள். ஏழு நாளில் ஆறியது. ஆனால் 14 மாதத்தில் எட்டு தடவை வந்துவிட்டது. கொப்புளம் உடைந்ததும் மெடிக்கல் ஷாப் சேட்டனிடம் 200 மி.கி. மாத்திரை வாங்கிக் காலையும் ராத்திரியும் போடுகிறேன், கூடவே ஒரு க்ரீம். வருவதற்கு முந்தின நாள் இடது தொடையின் பின்பக்கம் எறும்பு ஊர்வது போல இருக்கும். உடனே நெஞ்சு படபடக்கும்.

இரண்டு மாதம் முன்பு லேபில் 'ஹெச்.எஸ்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ்' என்று வந்தது. அது புதுத் தொற்று என்று எங்கேயோ படித்துவிட்டுக் கணவர் பேச்சையே குறைத்துவிட்டார். சத்தியமாக நான் தப்பு செய்யவில்லை. அவரும் செய்யவில்லை என்கிறார். மாமியார் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரை அட்டையை மஞ்சள் தூள் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். மகளை மடியில் வைக்கவே பயம். என் துண்டைத் தனியாகத் துவைக்கிறேன். எனக்கு மருந்து வேலை செய்யவில்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் மகளைத் தூக்கி மடியில் வையுங்கள். மடியில் உட்கார்வதாலோ துண்டு, கழிப்பறை வழியாகவோ இது பரவுவதில்லை. புண் உள்ள இடமோ வைரஸ் வெளிவரும் தோலோ நேரடியாக உரசினால்தான் தொற்றும். புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், போதும். உங்கள் துண்டை வீட்டுத் துணியோடு சேர்த்தே துவைக்கலாம்.

அடுத்து அந்த ரிப்போர்ட். உங்கள் வீட்டில் புண்ணைவிட அதிகம் வலிக்க வைத்தது அந்தத் தாள்தான் என்று நினைக்கிறேன். ஹெச்.எஸ்.வி. என்பது ஹெர்பீஸ் வைரஸ், ஐ.ஜி.எம். என்பது அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்புப் பொருள். ஹெர்பீஸைப் பொறுத்தவரை ஐ.ஜி.எம். நம்பத்தகுந்த பரிசோதனையே அல்ல. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் அது பாசிட்டிவ் காட்டும். இந்த வைரஸின் இரண்டு வகைகளான டைப் 1, டைப் 2 எது என்று சரியாகப் பிரித்தும் சொல்லாது. வைரஸ் உடம்பில் பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு முதல் தடவையாக வெளிப்படுவது சாதாரணம். உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருகிறவரிடமிருந்து வாய்வழி உறவில்கூட இது வரலாம். ஆகவே யார், எப்போது என்று அந்தத் தாள் தீர்ப்புச் சொல்ல முடியாது. புண் இல்லாத ஒரு நாளில், இருவரும் பதறாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, "இந்த டெஸ்ட் எப்ப வந்ததுன்னு காட்டாதாம், ரெண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைக் கேட்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கும் பாரத்தை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது மருந்து. இந்த வைரஸ் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். அசைக்ளோவிர் வைரஸ் பெருகும்போதுதான் தடுக்கும், தூங்குகிற வைரஸை அதால் தொட முடியாது. அந்த 21 மாத்திரை அந்தத் தடவைக்கானது, அடுத்த தடவைக்குக் காவல் அல்ல. அதற்குப் பிறகு நீங்கள் வாங்கிப் போட்டது அளவிலும் குறைவு, நேரத்திலும் தாமதம். 200 மி.கி. என்றால் நாளைக்கு ஐந்து வேளை போட வேண்டும். கொப்புளம் உடையும்போது வைரஸ் பெருகும் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எறும்பு ஊர்கிறதே, அதுதான் மாத்திரை போட வேண்டிய நேரம். 800 மி.கி. நாளைக்கு மூன்று வேளை, இரண்டே நாள் என்று ஒரு முறை இருக்கிறது. மருத்துவர் சீட்டோடு முன்கூட்டியே வாங்கிக் கைப்பையில் வையுங்கள். அடுப்பு ஆவி படும் மஞ்சள் டப்பா மாத்திரைக்கு ஏற்ற இடமில்லை.

ஆனால் 14 மாதத்தில் எட்டு தடவை என்றால், என் பரிந்துரை தினசரி தடுப்பு மருந்து. அசைக்ளோவிர் 400 மி.கி. காலை, இரவு, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மி.கி. ஒரு வேளை. வருஷத்துக்குப் பத்துக்கு மேல் வருகிறவர்களுக்கு வாலாசைக்ளோவிர் 1 கிராம் தருவதுண்டு. தவறாமல் எடுத்தால் வருவது 70 முதல் 80 சதவீதம் குறையும். அசைக்ளோவிர் சில மணி நேரமே இரத்தத்தில் நிற்கும் என்பதால், பஸ் அவசரத்தில் ஒரு வேளையை விட்டால் அங்கேயே ஓட்டை விழும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தியதும் ஒன்றிரண்டு தடவை வந்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வருஷம் போகப் போக வரும் தடவைகள் பொதுவாகத் தானாகவே குறையும்.

க்ரீம் டியூபை எடுத்துப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு, உடனே நிறுத்துங்கள், புண்ணை மோசமாக்கும். அசைக்ளோவிர் க்ரீமாலும் பெரிய பயனில்லை. எரியும்போது சிறுநீர் கழித்தபடியே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், பருத்தி உள்ளாடையைத் தளர்வாகப் போடுங்கள்.

சரியான அளவில் போட்டும் வந்தால், புதுக் கொப்புளம் வந்த முதல் இரண்டு நாளுக்குள் பஞ்சுக்குச்சியில் எடுத்து, வைரஸையே நேரடியாகக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் தவறவிடும். மருந்துக்கு அடங்காத வைரஸ் நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களிடம் அபூர்வம். பல சமயம் அது ஹெர்பீஸே அல்ல. மாதவிடாய் வலிக்குப் போடும் மாத்திரையின் அலர்ஜி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் புண்ணாகிக் கருந்தடம் விட்டுப் போகும். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் இருவரும் செய்துகொள்ளுங்கள்.

எறும்பு ஊரத் தொடங்கியதிலிருந்து தோல் முழுக்க ஆறும்வரை உறவு வேண்டாம். புண் இல்லாத நாளிலும் வைரஸ் வெளிவரலாம், அதனால் ஆணுறை. அது ஆபத்தைக் குறைக்கும், முழுசாக நீக்காது. இன்னொரு குழந்தை பற்றி யோசித்தால் மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். 36-வது வாரத்திலிருந்து தடுப்பு மாத்திரை தருவார்கள்.

படபடப்பு பற்றி. ஒரு நாளில் எத்தனை தடவை பார்க்கிறீர்கள்? பார்க்கப் பார்க்கப் பயம் வளரும். குளிக்கும்போது ஒரே தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் ஊர்ந்தால் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், காலண்டரில் ஒரு புள்ளி, பிறகு நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். அதன் பின் வேலையைப் பாருங்கள். மூன்று மாதத்தில் மாதவிடாயோடு புள்ளிகள் சேர்ந்து வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். மாமியார் கேட்டால் "நரம்புல தங்குற வைரஸ், அதுக்கு மாத்திரை" என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

தூக்கம் கெட்டால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். மருந்துக்கு, பால்வினை நோய்களுக்கான அரசு மையங்கள் இருக்கின்றன: கேரள அரசு மருத்துவமனைகளில் 'புலரி', எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 'சுகவாழ்வு மையம்'. பழைய சிவப்புப் பாக்கெட்டின் சீட்டு இருந்தால் அதையும், எட்டு தடவை வந்த தேதிகளையும் எழுதிக் கொண்டு போங்கள். தினசரி மருந்து வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.