வெயில் ஏறினால் காற்றழுத்தம் இறங்குமா?

கேள்வி: போனில் பாரோமீட்டர் ஆப் வைத்திருக்கிறேன். இந்த மே மாதத்தில், சென்னையில், காலை பத்து மணிக்கு 1008 மில்லிபார் காட்டுகிறது. மாலை நாலு மணிக்கு 1004. வெயிலால் குறைகிறதா, மழை வரப்போகிறதா?

பதில்: மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்றைய வெயிலையும் நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்குப் பாருங்கள், மறுபடி ஏறியிருக்கும். விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்தால் அப்போதும் பாருங்கள், இறங்கியிருக்கும். குளிர்ந்த நேரத்திலும் ஏன் இறங்க வேண்டும்? சூரிய வெப்பத்தை மேலே ஓசோனும் கீழே நீராவியும் உறிஞ்சுவதால், கடல் ஓதம் போல வளிமண்டலமே தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நம் பக்கம் இது 3, 4 மில்லிபார் வரை வரும்.

அப்படியானால் வெப்பத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் மெதுவாக. மூடிய பாத்திரத்தில் சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். வெளிக்காற்றுக்குத்தான் மூடி கிடையாதே! சூடான காற்று விரிந்து மேலெழும், உயரத்தில் பக்கவாட்டில் வழிந்துபோகும். தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை குறையும்; பாரோமீட்டர் அளப்பது அந்த எடையைத்தான். வாரக்கணக்கில் சூடு நீடித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சென்னையில் ஜனவரிச் சராசரி 1013ஐ ஒட்டி இருக்கும், ஜூனில் 1004 பக்கம் வந்துவிடும். கடுங்குளிரில் இதற்கு நேரெதிர்: சைபீரியாவின் அகாட்டாவில் 1968 டிசம்பர் 31 அன்று, கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டபோது, 1083.8.

புயல் நாளில் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். கீழே மழையும் குளிர்ச்சியுமாக இருக்கும், அழுத்தமோ சரியும். புயலின் மையத்தில் உயரே காற்று சூடாக இருப்பதே காரணம். அதனால் தரையில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை வைத்து மட்டும் அழுத்தத்தை ஊகிக்கவே கூடாது.

சரி, மழையை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையையும் மாலையையும் ஒப்பிடாதீர்கள். நேற்று இதே நேரம் எவ்வளவு என்று பாருங்கள். வானிலைக்காரர்களும் 24 மணி நேர மாற்றத்தைக் கவனிப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தினம் இரண்டு, மூன்று மில்லிபார் குறைந்துகொண்டே போனால், வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எப்போதும் ஒரே தளத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது மீட்டர் ஏறினாலே 1 மில்லிபார் குறையும். மூன்றாவது மாடிக்குப் போனால் போதும். ஏசி அறையா, வெளியிலா என்பது பிரச்சினையில்லை. கதவிடுக்கு வழியாக அழுத்தம் சமமாகிவிடும்.