கொம்பு இல்லாமல் ஒரு கொம்பு டைனோசர்

கேள்வி: புரோட்டோசெராடாப்ஸைக் கொம்பு டைனோசர் வகையில் சேர்க்கிறார்கள். படத்தில் பார்த்தால் கொம்பையே காணோம். எதை வைத்துச் சேர்த்தார்கள்?

பதில்: கொம்பைத் தேடாதீர்கள், மூக்கு நுனியைப் பாருங்கள். மேல்தாடையின் முன்முனையில், கிளியின் அலகு போல வளைந்த இடத்தில், 'ரோஸ்ட்ரல்' என்று ஒரு தனி எலும்பு இருக்கும். வேறு எந்த டைனோசர் கூட்டத்துக்கும் அது கிடையாது. அது இருந்தால் செராடாப்சியன், அதாவது கொம்பு டைனோசர் கூட்டம். அந்த அலகால் செடியை வெட்டி எடுத்து, பின்பற்களால் துண்டாக்கித் தின்றன.

கொம்பெல்லாம் பிற்பாடு வந்தது. சீனாவின் சின்ஜியாங்கில் கிடைத்து 2006-இல் பெயரிடப்பட்ட யின்லாங் டவுன்ஸி ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, நீளம் 1.2 மீட்டர்தான், இரண்டு காலில் நடந்தது, கொம்பும் இல்லை, கழுத்துக்கு மேல் விரியும் எலும்பு மடலும் சரியாக உருவாகவில்லை. ஆனால் ரோஸ்ட்ரல் எலும்பு இருக்கிறது. மூன்று கொம்போடு நிற்கும் டிரைசெராடாப்ஸ் அதற்கு 9 கோடி ஆண்டுகள் கழித்து வந்த உறவு. இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சின்ன யின்லாங்தான், கதை தொடங்கும் இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது.

கேள்வி: அப்படியானால் 'முதல் கொம்பு முகம்' என்று பொருள்படும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற பெயர் தப்புதானே? ஏன் இன்னும் மாற்றவில்லை?

பதில்: பொருளைப் பார்த்தால் தப்புதான். 1922-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் குழு மங்கோலியாவின் கோபி பாலைவனத்துக்குப் போனபோது, அதன் புகைப்படக்காரர் ஷேக்கல்ஃபோர்ட், 'தீப்பிழம்புப் பாறைகள்' என்று பின்னர் அழைக்கப்பட்ட இடத்தில் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மறு ஆண்டே கிரேஞ்சரும் கிரிகோரியும் அதற்குப் புரோட்டோசெராடாப்ஸ் ஆண்ட்ரூசி என்று பெயர் வைத்தார்கள். பின்பாதி குழுத் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸுக்காக. பெரிய கொம்பு டைனோசர்களுக்கு இதுதான் மூதாதை என்று அன்றைக்கு நினைத்தது நியாயமானதே. ஆனால் அது வாழ்ந்தது சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று இப்போது தெரிகிறது, யின்லாங்கோடு ஒப்பிட்டால் ரொம்பப் பிந்தியது.

அதற்காகப் பெயர் மாறாது. விலங்கியல் பெயர் ஒரு வர்ணனை இல்லை, அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டிப்போட்ட அடையாளம். கருத்து மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றினால், நூறு வருடத்துக் கட்டுரைகளில் எது எந்த விலங்கைச் சொல்கிறது என்று யாருக்கும் புரியாமல் போய்விடும். இந்த விதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஓவிராப்டர் என்ற டைனோசர் விஷயத்தில் மனசு கஷ்டப்பட்டாலும். புரோட்டோசெராடாப்ஸின் முட்டைகள் என்று நம்பிய கூட்டின் மேலேயே ஓவிராப்டரின் மண்டையோடு கிடந்ததால் 1924-இல் ஆய்வாளர் ஆஸ்போர்ன் அதற்கு 'முட்டைத் திருடன்' என்று பெயர் வைத்தார், இந்தப் பெயர் அதன் குணத்தைத் தவறாகக் காட்டிவிடலாம் என்று அவரே அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார். 1990-களில் அதே மாதிரி முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு கிடைத்தது. ஆக அது தன் இனத்தின் கூட்டில்தான் இருந்திருக்கிறது, திருட வரவில்லை. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

கேள்வி: எந்தக் காரணத்துக்கும் பெயரை மாற்றவே மாட்டார்களா?

பதில்: மாற்றுவார்கள், காரணம் வேறாக இருந்தால். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் பொதுவாக முந்தியது நிற்கும். இதே கொம்பு டைனோசர் கூட்டத்தைச் சேர்ந்த சிட்டகோசாரஸின் கதை இன்னும் விசித்திரம்: 1923-இல் ஆஸ்போர்ன் ஒரே கட்டுரையில் அதையும் புரோட்டிகுவானோடானையும் தனித்தனி விலங்குகளாகப் பெயரிட்டார், பிறகு இரண்டும் ஒன்றே என்று முடிவாகி சிட்டகோசாரஸ் நிலைத்தது.

அப்புறம், வேறொரு விலங்கு அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 1953-இல் போலின் ஒரு சிறிய கொம்பு டைனோசருக்கு மைக்ரோசெராடாப்ஸ் கோபியென்சிஸ் என்று பெயர் வைத்தார். அதில் முன்பாதியான மைக்ரோசெராடாப்ஸ் அதற்கு முன்பே ஒரு குளவிக்குப் போயிருந்தது. 2008-இல் மாட்டேயுஸ் என்ற ஆய்வாளர் அதை மைக்ரோசெராடஸ் என்று மாற்றினார். கோபியென்சிஸ் என்ற பின்பாதியில் சிக்கல் இல்லாததால் அதில் யாரும் கை வைக்கவில்லை.