தேடவேண்டியது ஏழு பேரை

கேள்வி: ஈரோடு பெருந்துறை சாலையில், அப்பாவின் பழைய துணிக் கிடங்கின் மாடியைச் சீரமைத்து, 24 இருக்கைகளுடன் கோ-வொர்க்கிங் இடமாக, அதாவது பலரும் சந்தா கட்டி வந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் பொது அலுவலகமாக, நடத்தி வருகிறேன். ஏழு மாதங்களாகியும் 9 பேர்தான் மாதச் சந்தாவில் இருக்கிறார்கள். ஓர் இருக்கைக்கு மாதம் 4,500 ரூபாய் வாங்குகிறேன். செலவு மாதம் 70,000 ரூபாய் ஆகிறது. ஐ.டி. இளைஞர்களை நினைத்து பீன் பேக், டார்ட் போர்டு எல்லாம் வாங்கிப் போட்டேன். பொறியியல் கல்லூரிகளில் நோட்டீஸும் கொடுத்தேன். பயனில்லை. இப்போது தொலைபேசி வழியாக விற்பனை செய்யும் ஒரு நிறுவனம், 12 இருக்கைகளைத் தலா 3,200 ரூபாய்க்கு மொத்தமாகக் கேட்கிறது. கொடுத்துவிடலாமா? என் இடத்துக்கு ஏற்ற உறுப்பினர்கள் யார், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஈரோடு வாசகர்

பதில்: அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்க வேண்டாம். அந்த நிறுவனம் வந்தால் மாதம் 38,400 ரூபாய் கூடுதலாக வரும், இப்போதைய 40,500 ரூபாயுடன் சேர்த்தால் செலவு போக 8,900 ரூபாய் மிஞ்சும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒரே கூடத்தில் பன்னிரண்டு பேர் காலையிலிருந்து மாலை வரை போனில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தால், அமைதிக்காகப் பணம் கொடுத்து வந்த ஒன்பது பேரும் இரண்டு மாதங்களில் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அப்போது 38,400 ரூபாய் மட்டும் வரும், 31,600 ரூபாய் துண்டு விழும். இன்று விழும் துண்டு 29,500 ரூபாய்தான். அந்த நிறுவனமும் ஒருநாள் சொந்தமாக இடம் பிடித்துக்கொண்டு கிளம்பினால், பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரே நாளில் காலியாகும்.

இதே கணக்கைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். 16 பேர் இருந்தால் 72,000 ரூபாய் வந்துவிடும். ஆகவே நீங்கள் காலியாகக் கிடக்கும் பதினைந்து நாற்காலிகளைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. தேடவேண்டியது ஏழு பேரை. ஈரோடு மாதிரியான ஊரில் ஏழு பேரை விளம்பரப் பலகை வைத்துத் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

நீங்கள் செய்த பிழை, உறுப்பினரை முதலில் மனத்தில் வரைந்துகொண்டு, பிறகு அவருக்காகப் பீன் பேக் வாங்கியதுதான். கல்லூரி மாணவருக்குச் சம்பளமும் இல்லை, பகலில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலையும் இல்லை; அவர் எதற்காக 4,500 ரூபாய் கொடுப்பார்? உங்களுக்கு ஏற்றவர் யார் என்பது ஏற்கெனவே உங்கள் வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கடந்த மூன்று மாதப் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு, யார் வாரத்தில் நான்கு நாளாவது வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மூன்று நான்கு பேரைத் தனித்தனியாக டீ குடிக்க அழைத்து, இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். இங்கே வருவதற்கு முன் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள்? நாளைக்கே இந்த இடத்தை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? "வசதி எப்படியிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், முகத்துக்கு நேரே எவரும் "நல்லாருக்குங்க" என்றுதான் சொல்வார்கள்.

முதல் கேள்விக்கு வரும் பதிலில்தான் அடுத்த ஏழு பேரின் முகவரி இருக்கிறது. "வீட்டுல இருந்தா, சும்மாதானே இருக்கேன்னு ரேஷன் கடைக்கு அனுப்பிடறாங்கண்ணா" என்று ஒருவர் சொன்னால், அவர் 2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்பவராக இருக்கக்கூடும். அவருக்குத் தேவையானவை கதவு சாத்திக்கொள்ளும் ஓர் அறையும் அறுந்துபோகாத இணையமும் மட்டுமே. அவருடைய அலுவலக நண்பர்கள் சிலர் கோபியிலும் பவானியிலும் இதே நிலையில் இருப்பார்கள். "கோயம்புத்தூருக்குப் போய் வந்தே பாதி உசிரு போயிருச்சுங்க" என்று இன்னொருவர் சொன்னால், அவர் சுமார் 100 கிலோமீட்டர் ரயிலில் போய்வந்த சீசன் டிக்கெட்காரர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லும் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள், மற்ற நாட்களுக்காக முழு மாதச் சந்தா கட்ட மாட்டார்கள். மாதம் 12 நாட்களுக்கு என்று ஒரு கட்டணம் வைத்தால் கட்டுவார்கள். நோட்டீஸைக் கல்லூரி வாசலில் கொடுப்பதைவிட, காலையில் ஈரோடு ஜங்ஷன் நடைமேடையில் ஐம்பது பேரிடம் கொடுப்பது மேல்.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் இப்படியோர் இடத்தில் ஓராண்டுக்கு மேல் நானும் ஒரு நாற்காலிக்குச் சந்தா கட்டி எழுதி வந்தேன். அங்கே ஆஸ்திரேலிய நிறுவனமொன்றுக்கு வேலை பார்த்த ஒரு பெண், கூடத்தில் பேசினால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகுமே என்று, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் தினமும் மீட்டிங் பேசுவார். யாராவது ஏறி வந்தால் மைக்கை அணைத்துவிட்டுக் காலை ஒதுக்கிக்கொள்வார். இரண்டாவது மாதம் அவர் வரவில்லை. உரிமையாளர் கட்டணம் அதிகம் என்று நினைத்து 500 ரூபாய் குறைத்தார். படியில் உட்கார்ந்திருந்தவரை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஈரோட்டுக்கே உரிய இன்னொரு கூட்டம், தனியாகத் தொழில் செய்யும் கணக்காளர்களும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்களும். ஜவுளி வியாபாரிகள் நிறைந்த ஊரில் அவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் வியாபாரிகளுக்கு 11, 20 ஆகிய தேதிகள் கெடு என்பதால், அந்த நாட்களில் மின்சாரம் போனால் இவர்களுக்கு உயிர் போகும். உங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதே இவர்களுக்கு விளம்பரம். ஆனால் இவர்களுடைய வாடிக்கையாளர்கள் பில் கட்டுகளுடன் தேடி வருவார்கள். அவர்களை உட்காரவைக்க வாசலருகே ஒரு மேசை ஒதுக்காமல் இவர்களைச் சேர்க்காதீர்கள்.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைப் போர்வைகளை இணையத்தில் விற்கும் தம்பிகள் வருவார்கள். நல்ல உழைப்பாளிகள்தான், ஆனால் அவர்களுக்கு நாற்காலியைவிடக் கிடங்குதான் தேவை, ஒரு மாதத்தில் நடைபாதையெல்லாம் பார்சல் மூட்டையாகிவிடும். கீழ்த்தளம் இன்னும் காலியாக இருந்தால் அதை அவர்களுக்குத் தனியாக வாடகைக்கு விடலாம். உட்காரவே வராமல், ஜி.எஸ்.டி. பதிவுக்கு முகவரி மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். வாடகை ஒப்பந்தமும் உங்கள் ஒப்புதல் கடிதமும் மின் கட்டண ரசீதும் அவர்கள் கைக்குப் போன பிறகு, யாராவது போலி பில் போட்டால், அதிகாரிகள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். முகவரி தருவதில் வருமானம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதமாவது நேரில் வந்து உட்கார்ந்தவருக்கு மட்டும் தாருங்கள்.

ஏழு மாதங்களில் ஒன்பது பேர் என்பது தோல்வி அன்று. 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற மென்பொருள் பொறியாளர் வாரத்துக்கு இரண்டு நாள் மேசை போட்டு முதல் கோ-வொர்க்கிங் இடத்தைத் தொடங்கியபோது, முதல் மாதம் ஒருவர்கூட வரவில்லை.

டார்ட் போர்டைக் கழற்றிவிட்டு, அந்த மூலையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒலி வெளியே கேட்காத போன் அறை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். லண்டன் நேரம் நமக்குக் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கியது என்பதால், அங்குள்ள நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர்கள் இரவு பத்தரை வரைக்கும் இருப்பார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. படிக்கட்டிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் விளக்குப் போட்டு, இரவில் பொறுப்பான ஓர் ஆளை வைத்த பிறகு அவர்களை அழையுங்கள்.