2 மணி நேரத்தில் நேஷனல் கேலரி முழுவதும்? முடியாது

மாமியாரை ஒரு வழிகாட்டியோடு சிங்கப்பூர் நேஷனல் கேலரிக்கு அழைத்துப் போய் 2 மணி நேரத்தில் முழுதும் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். முட்டிவலி உள்ள மாமியாரோடு 2 மணி நேரத்தில் முழுதும் பார்க்க முடியாது, வழிகாட்டி என்ன சொன்னாலும் சரி.

அது பழைய சிட்டி ஹால், பழைய உச்ச நீதிமன்றம் என இரண்டு கட்டடங்களை இணைத்த இடம். மொத்தம் சுமார் 64,000 சதுர மீட்டர். பாதி நேரம் நடையிலேயே போய்விடும்.

என் ஓட்டு சிட்டி ஹால் பக்கத்துக்கு. சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா டீ 1959இல் வரைந்த மலாய் வகுப்பு ஓவியம் அங்கேதான். கரும்பலகையில் "உன் பெயர் என்ன? எங்கே இருக்கிறாய்?" என்று மலாயில் இரண்டே கேள்விகள். அந்தக் காலத்தில் மலாய் படித்தவர் என்றீர்களே, மாமியாரே உங்களுக்கு விளக்குவார்! ஜாவா ஓவியர் ராடன் சாலேயின் பிரம்மாண்டமான காட்டுத்தீ ஓவியம்தான் (1849) வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றப் பக்கம் போங்கள்.

பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம் எந்த மாடி, எந்தெந்த ஓவியங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பட்டியல் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நுழைவுச்சீட்டு அந்தக் கட்டணத்தில் அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒன்று, ஓவியங்களை அவ்வப்போது மாற்றுவார்கள். போகிற வாரம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.