கேள்வி பதில்: ஒட்டுச்சீட்டு ஒட்டினால் கம்பெனி மாறுமா?

நம் சிறுதொழில் குழுவில் இன்று டிசைன் திங்கிங் ஒர்க்‌ஷாப் பற்றிய கேள்வி நேரம். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் தரக்கட்டுப்பாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அதன்பின் ஒன்பது வருடமாக டெல்டா முழுக்க இந்த ஒர்க்‌ஷாப்புகளை நடத்துகிறேன். கேள்விகளுக்கு வரும் வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடி, அரிசி ஆலைக் கணக்காளர்: அக்கா, டிசைன் திங்கிங் என்றால் என்ன? ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வைத்தால் எல்லோருக்கும் புதுசாக யோசிக்கிற பழக்கம் வந்துவிடும் என்று எங்கள் முதலாளி நம்புகிறார். வருமா?

ஒரு நாளில் வராது தம்பி. ஆனால் ஒரு நாளில் தொடங்கலாம்.

ஐந்து படிகள். யாருக்காக வேலை செய்கிறோமோ அவர் படும் பாட்டை நேரில் பார்ப்பது. பார்த்ததை வைத்துப் பிரச்சினையைத் திரும்ப எழுதுவது. வழிகளை யோசிப்பது. கையில் கிடைத்ததை வைத்து ஒரு சோதனை மாதிரி செய்வது. அதை அவரிடமே கொடுத்துச் சோதிப்பது. அமெரிக்காவில் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூலும் இதைப் பரப்பின. நம் ஊரில் நடக்கிற பல ஒர்க்‌ஷாப்புகள் முதல் இரண்டு படிகளையும் விட்டுவிட்டு, ஏசி ஹாலில் யோசனைகளை ஒட்டுச்சீட்டில் (ஸ்டிக்கி நோட்) எழுதிச் சுவரில் ஒட்டுவதோடு மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நீடாமங்கலம் பக்கம் ஓர் ஆலை. சிப்பம் கிழிந்து அரிசி சிந்துகிறது என்று கடைக்காரர்கள் தொடர்ந்து புகார் சொன்னார்கள். ஆபீசில் பேசி, தடிமனான பை வாங்குவது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். நான் ஆர்டரை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். கொள்முதல் பார்ப்பவர், சூப்பர்வைசர், லாரி டிரைவர், பை வாய் தைக்கிற அம்மா ஆகிய நான்கு பேருடன் காலை ஐந்தரைக்கு லோடு ஏறும் இடத்தில் போய் நின்றேன். மார்கழிப் பனி. பிளாஸ்டிக் பை ஈரத்தில் வழுக்குகிறது. லோடுமேன் பிடிக்க அதில் எதுவுமே இல்லை, அதனால் கொக்கியால் குத்தித் தூக்குகிறார். "நான் தைக்கிறதுக்கு ரெண்டு விரல் கீழயே குத்துறாங்களே" என்றார் அந்த அம்மா. பதினொரு வருடம் அந்த ஆலையில் தைக்கிறார், லோடு ஏறுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். அவருடைய மெஷின் உள்ளே, லாரி நிற்பது பின்பக்கம்.

பிரச்சினையை அங்கேயே திருத்தி எழுதினோம். "பை ஏன் கிழிகிறது" என்பதை அடித்துவிட்டு "பிடிக்க ஏன் இடமில்லை" என்று போட்டோம். பழைய சாக்கில் இரண்டு மூலையிலும் காது விட்டுத் தைப்பார்களே, அதேபோல அன்று மதியமே இருபது பைகளில் தைத்தார். மறுநாள் அவற்றில் மூன்றின் காது பிய்ந்தது. மடித்து இரட்டைத் தையல் போட்டு இன்னும் இருபது தைத்தார், அவை தாங்கின. வயதான ஒரு லோடுமேன் மட்டும் இன்னமும் கொக்கியை விடவில்லை. குனிந்து காதைப் பிடித்தால் அவருக்கு இடுப்பு வலிக்கிறது. அதற்கு இன்னும் வழி காணவில்லை.

இதில் உட்கார்ந்து பேசியது அரை நாள்தான். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தானாகவே சூப்பர்வைசரிடம் போய், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் சார்ட்டெக்ஸ் மெஷினிலிருந்து வரும் அரிசி விழுகிற இடத்தில் தூசி சேர்வதைக் காட்டியிருக்கிறார். கூப்பிடாமல் வந்து சொன்னார் பாருங்கள், உங்கள் முதலாளி கேட்கிற பழக்கம் அதுதான். அவர் முதலில் சொன்ன விஷயத்துக்கு அன்று மதியமே நூலும் பையும் கொடுத்தார்கள். அதனால் வந்தது.

என் ஒரே எச்சரிக்கை: மறுநாள் காலை யார், என்ன, எவ்வளவு பணத்தில் செய்யப் போகிறார் என்று எழுதாமல் ஒர்க்‌ஷாப்பை முடிக்காதீர்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: இதற்கு எந்த சர்டிபிகேட் கோர்ஸ் நல்லது?

கோர்ஸ்களை ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. உங்கள் துறை ஆசிரியரிடம் கேளுங்கள்.

கும்பகோணம், பாத்திர மொத்த வியாபாரம்: மேடம், ஐடியா கேட்டுக் கூட்டம் போட்டால் இரண்டு பேர் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

பேசுவதற்கு முன்னால் எழுத வையுங்கள். பத்து நிமிடம், ஆளுக்கொரு தாள், சத்தம் கூடாது. எழுத வராதவர் படம் போடட்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதட்டும். 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, தனித்தனியே உட்கார்ந்து யோசித்த நான்கு பேருடையதைச் சேர்த்தபோது அதிகம் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துபோகும். எல்லோரும் எழுதியபின் கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து வாசிக்கத் தொடங்குங்கள், மேனேஜர் கடைசியில்.

திருவாரூர், பிஸ்கட் தயாரிப்பு: ஒரே நாளில் முடிக்க முடியுமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

துவாக்குடி, ஃபேப்ரிகேஷன் யூனிட் மேற்பார்வையாளர்: ஆலோசனைப் பெட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு சீட்டுகூட இல்லை. ஒர்க்‌ஷாப் வைத்தால் நிரம்புமா?

கடைசியாக ஒருவர் குறை சொன்னபோது அவருக்கு என்ன நடந்தது என்று முதலில் விசாரியுங்கள். நான் இருந்த யூனிட்டில் ஒரு வெல்டர் தன் வெல்டில் குறை இருக்கிறது என்று தானே வந்து சொன்னார். ரீவொர்க் செலவை, அதாவது திரும்பச் செய்யும் செலவை, அவர் பெயரில் எழுதினார்கள். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை, குறைகள் வாடிக்கையாளர் இடத்தில் போய்த் தெரிந்தன. அந்த ரிஜிஸ்டரில் எழுதிய கை என்னுடையது. அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். டொயோட்டாவில் ஆலோசனைத் திட்டம் 1951இல் தொடங்கியது. அங்கே பெட்டி மட்டும் இருந்திருந்தால் அது இத்தனை காலம் ஓடியிருக்காது.

பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு கரும்பலகை வையுங்கள். சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் "செய்கிறோம்" அல்லது "செய்ய முடியாது, காரணம் இது" என்று பதில் எழுதுங்கள். முடியாது என்பதும் பதில்தான்.

மயிலாடுதுறை, ஜவுளிக்கடை: ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகும்? ஒரே நாளில் முடியுமா?

செலவு உங்கள் ஆட்களின் ஒரு நாள் சம்பளம், சாப்பாடு, அட்டை, கத்தரிக்கோல். நடத்துபவரின் கட்டணத்தை அவரவரிடம் கேளுங்கள். ஒரே நாள் கேள்வி மூன்றாவது முறை வருகிறது. மேலே எழுதியாயிற்று, தயவுசெய்து படியுங்கள்.

நாச்சியார்கோவில், விளக்குப் பட்டறை: அக்கா, பெரிய குத்துவிளக்குக்கு ஆர்டர் குறைகிறது. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் புது மாதிரி செய்ய ஆசை. ஆனால் ஒரு மாதிரிக்கே வார்ப்பு, கடைசல், பாலீஷ் என்று செலவு. எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உடனே வார்க்க வேண்டாம். உங்கள் விளக்கு பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று திருகிச் சேர்ப்பதுதானே. பட்டறையில் கிடக்கும் பழைய பாகங்களைக் கலந்து திருகி நாலைந்து உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். இல்லாத பாகத்தை அட்டையிலோ மரத்திலோ செய்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியம், திருச்சியில் தெரிந்தவர்கள் ஐந்து பேரின் ஃபிளாட்டுக்குப் போங்கள். விளக்கு எங்கே இருக்கிறது? அலமாரிக்குள் என்றால் மேல்தட்டில் சூடு படும், உயரம் அங்கேயே முடிவாகிவிடும். எண்ணெய் எங்கே சொட்டுகிறது? வெள்ளிக்கிழமை யார் தேய்க்கிறார்கள், புளியா பவுடரா, எந்த இடுக்கில் விரல் போகவில்லை? "எப்படி இருந்தால் வாங்குவீர்கள்" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நீடாமங்கலம், அரிசி ஆலை மேனேஜர்: எந்த மாதம் வைப்பது நல்லது?

தை, மாசியில் சம்பா நெல் வரும்போது யாரையும் உட்கார வைக்க முடியாது. அதற்காகப் பார்க்கிற வேலையையும் சித்திரைக்குத் தள்ளாதீர்கள். சித்திரையில் ஆலை காலியாக இருக்கும், பிரச்சினை கண்ணில் படாது. தையில் போய்ப் பாருங்கள், சித்திரையில் உட்கார்ந்து பேசுங்கள்.

மன்னார்குடி, ஆலை உரிமையாளர்: என் கணக்காளர்தான் முதல் கேள்வி கேட்டவர். அம்மா, நீங்கள் ஒர்க்‌ஷாப் நடத்தும்போது முதலாளியை அறையை விட்டு வெளியே போகச் சொல்வீர்களாமே. என் ஆலை, என் பணம். முப்பது வருடமாக நெல்லோடு இருக்கிறேன். என்னைவிட அதிகம் தெரிந்தவர் அந்த அறையில் யார்?

ஐயா, உங்களுக்குத் தெரிந்தது அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் இடம். உரிமையாளர் பின்வரிசையில் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பையன் எழுந்து, ஐஸ் பெட்டி மூடி சரியாகப் பொருந்துவதில்லை என்றான். "நீ வந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மதியம் நான் சேகரித்த சீட்டுகளில் பாதி, டீ சூடாக வேண்டும் என்பதாகவே இருந்தன.

துவாக்குடி மேற்பார்வையாளர்: மேடம் சொல்வது சரி. எங்கள் எம்.டி. உள்ளே வந்தால் நானே பேச மாட்டேன்.

கும்பகோணம், பாத்திர வியாபாரம்: எனக்கு உடன்பாடில்லை. போன வருடம் ஒருவரை வைத்து ஒர்க்‌ஷாப் நடத்தினோம். அப்பாவை வெளியே அனுப்பினோம். நாற்பது யோசனை வந்தது. மறுநாள் அப்பா ஒவ்வொன்றாக "இது ஆகாது" என்றார். ஆட்கள் மனம் விட்டுப் போய்விட்டார்கள். வைக்காமலே இருந்திருக்கலாம்.

மன்னார்குடி உரிமையாளர்: பார்த்தீர்களா! நான் இல்லாமல் பேசினால் அது என்னைப் பற்றிய பேச்சு. என்னிடம் பேசினால்தான் வேலை.

திருவாரூர், பிஸ்கட் தயாரிப்பு: உரிமையாளர் உட்காரட்டும், ஆனால் பேசக் கூடாது என்று வைத்தால்?

நாகப்பட்டினத்துக்காரரும் காலையிலிருந்து பேசாமல்தான் இருந்தார். அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.

கும்பகோணம் தங்கை சொன்னதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நானும் ஆரம்பத்தில் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நாற்பது யோசனையோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன்: காலையில் உரிமையாளர் அறையில் இல்லை. ஆனால் சும்மாவும் இல்லை, தன் கடைசி வாடிக்கையாளர் இரண்டு பேரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மாலை நான்கு மணிக்கு உள்ளே வருகிறார். ஆட்கள் மூன்றே மூன்று மாதிரியைக் காட்டுகிறார்கள். அவர் கையில் ஒரு தொகை, அவரே முன்கூட்டி முடிவு செய்தது, போனாலும் பரவாயில்லை என்கிற அளவு. மூன்றில் ஒன்றுக்காவது அங்கேயே பணம், ஆள், தேதி கொடுக்க வேண்டும். மற்ற இரண்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை யார் என்ன செய்கிறார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஐயா, முடிவு உங்களுடையதுதான். காலை நேரத்தை மட்டும் அவர்களுக்கு விடுங்கள்.

மன்னார்குடி உரிமையாளர்: மாதிரி தோற்றால்?

தோற்கட்டும். பணம் போன அன்று உங்கள் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். "இதில் என்ன தெரிந்தது?" என்று கேட்டால் அடுத்த ஆள் வருவார். "நான் அப்பவே சொன்னேன்" என்றால் அத்தோடு சரி.

திருத்துறைப்பூண்டி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்: இரண்டு கேள்வி. நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக் கூடாது என்ற கொள்முதல் நிலைய விதியை இப்படி ஒரு ஒர்க்‌ஷாப்பால் மாற்ற முடியுமா? மாப்பிள்ளைச் சம்பாவை நகரத்தில் ஒருமுறை வாங்குபவர்கள் ஏன் மறுமுறை வாங்குவதில்லை?

முதலாவது அரசு விதி, அதற்கு மனு கொடுக்கிற வழிதான். நெல் உலர்த்துவது பற்றித் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேளுங்கள், எனக்கு அது தெரியாது. இரண்டாவதுக்கு, வாங்கியவர்களில் ஐந்து பேர் சமைப்பதைப் பாருங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்தார்களா, எத்தனை விசில், மீந்த சோறு என்ன ஆனது? ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிற அம்மாவின் குக்கருக்கு உங்கள் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: பெயர் சொன்ன உதாரணமெல்லாம் வெளிநாடு. நம் நாட்டில் இல்லையா?

ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் இருக்கிறதே! 1968வாக்கில் ராம் சந்திர ஷர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் செய்தது. வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும், குந்தி உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. நம் ஆட்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்து ரப்பரில் செய்தார்கள். ஐந்து படி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மயிலாடுதுறை, ஜவுளிக்கடை: ஒட்டுச்சீட்டு எந்த கம்பெனி வாங்கலாம்?

எதுவானாலும் சரி. காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

மன்னார்குடி உரிமையாளர்: சரி அம்மா. நாளைக்கே கணக்காளரைக் கூட்டிக்கொண்டு லோடு ஏறும் இடத்தில் போய் நிற்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

முதல் லாரி வருவதற்கு முன்பே போய்விடுங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள், நோட்டு கணக்காளர் கையில் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் யாரையும் எதுவும் கேட்காதீர்கள், உங்களைப் பார்த்ததும் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். இரண்டாவது லாரிக்குப் பழையபடி செய்ய ஆரம்பிப்பார்கள். அப்போது கைகளை மட்டும் பாருங்கள்.